ஏழாம் வகுப்பு மண்

1

வேலை நிமித்தமாக சால்ட் லேக் சிட்டியில் எட்டு மாதம் இருந்தேன். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, அறையில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் மேற்கே காரை ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு மணி நேரத்தில் நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே திரும்பினால் ஸ்கல் வேலி என்ற பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் பனி மூடிய மலைகள். நடுவில் முழங்கால் உயரச் சாம்பல் நிறப் புதர்கள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. புதர்களுக்கு இடையில் வெளிறிய வெறும் தரை.

வண்டியை நிறுத்தி இறங்கினேன். ஊரிலிருந்து நண்பன் வாட்ஸப்பில் கூப்பிட்டான். வீடியோவில் சுற்றிக் காட்டினேன்.

"என்னடா இருக்கு அங்க?"

"ஒண்ணும் இல்லடா."

அந்தப் பதில் அப்போது உறுத்தவில்லை. தரையில் கால் வைத்ததும் மேலோடு அப்பளம்போல உடைந்தது. உடைந்த சில்லு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள், ரொட்டியின் உள்பக்கம் மாதிரி. அது என்ன என்று தெரிந்துகொள்ள மொபைலில் தேடியதில்தான் அமெரிக்க வேளாண்துறையின் மண் வரைபடம் கிடைத்தது. நாட்டின் பெரும்பகுதிக்கு, எந்தத் துண்டு நிலத்தைத் தொட்டாலும் கீழே என்ன மண் என்று சொல்லும் வரைபடம். நான் தரவுத்தளங்களோடு பிழைப்பு நடத்துகிறவன். அட்டவணையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அன்று இரவு அறைக்குத் திரும்பி விடியும்வரை அதைப் படித்தேன். இந்தக் கட்டுரை அங்கே பார்த்த ஒரு எண்ணையும் ஒரு எழுத்தையும் பற்றியது.

2

முதலில் மண்.

இந்தப் பகுதியின் பெயர் கிரேட் பேசின், பெரும் வடிநிலம். இங்கே ஓடும் எந்த ஆறும் கடலுக்குப் போவதில்லை. மலையில் உருகும் பனி பள்ளத்தாக்குக்கு வருகிறது, தேங்குகிறது, ஆவியாகிறது. நீர் போய்விடும், அது கரைத்துக்கொண்டு வந்த உப்பு போகாது. சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன் இந்தப் பள்ளத்தாக்குகளை நிறைத்து ஒரு ஏரி இருந்தது. பான்வில் ஏரி என்று இப்போது அழைக்கிறார்கள். ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு. ஆழமான இடத்தில் முந்நூறு மீட்டர். வானிலை வறண்டு அது சுருங்கிச் சுருங்கி இன்று எஞ்சியிருப்பதில் பெரியதுதான் கிரேட் சால்ட் லேக். நான் நின்றுகொண்டிருந்தது அந்தப் பழைய ஏரியின் தரையில்.

பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதிகளில் ஆண்டுக்கு மழையும் பனியும் சேர்த்து 150 முதல் 200 மில்லிமீட்டர். சென்னையில் நல்ல நவம்பரில் ஒரே நாளில் பெய்துவிடும் அளவு. ஆனால் இங்கே குளிர் ஒரு வேலை செய்கிறது. வெயில் கொளுத்தும் ஊரில் 200 மில்லிமீட்டர் பெய்த சூட்டோடு காய்ந்துவிடும். இங்கே குளிர்காலத்தில் விழுகிற கொஞ்ச நீர் ஆவியாகாமல் மெதுவாக மண்ணுக்குள் இறங்கி வசந்தம்வரை காத்திருக்கிறது. செடிகளுக்கு அந்தச் சில வாரங்கள்தான் ஆண்டு.

இறங்குகிற நீர் உப்பை முழுக்கக் கழுவிச் செல்லப் போதாது. கொஞ்ச ஆழத்துக்குத் தள்ளி அங்கேயே விட்டுவிடுகிறது. மண்ணின் பி.எச். எட்டரை, ஒன்பது என்று போகும். மட்கு மிகக் குறைவு. அதனால்தான் அந்த வெளிறிய நிறம். இங்குள்ள மண்களில் ஸ்கம்பா என்று ஒன்று. மேலே வண்டல், அதற்குக் கீழே சோடியம் ஏறிய களிமண் அடுக்கு. சோடியம் செய்வது ஒரு சின்ன அராஜகம். கால்சியம் இருந்தால் களிமண் துகள்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருக்கும். கொத்துகளுக்கு இடையே நீரும் காற்றும் போகும். சோடியம் அதிகமானால் நனைந்ததும் கொத்துகள் பிரிந்து, துகள்கள் தனித்தனியாக மிதந்து, இருக்கிற துளைகளை அடைத்துவிடும். மேலே நீர் நிற்கும். ஒரு சாண் கீழே வேர் தாகத்தில் இருக்கும்.

தமிழில் இதற்கு நம்மிடம் இரண்டு சொல் இருப்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. உவர், களர். நம்மூர் வேளாண் அலுவலர்கள் இன்றும் பிரித்துத்தான் சொல்கிறார்கள்: கரையும் உப்பு மிகுந்தது உவர், சோடியம் களிமண்ணைப் பிடித்துக்கொண்டது களர். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஸ்கல் வேலியில் பல இடங்களில் சேர்ந்தே இருக்கின்றன.

இவ்வளவுக்கும் மேலே, நான் 'ஒண்ணும் இல்ல' என்று சொன்ன இடத்தில், கிரீஸ்வுட் என்ற புதர் பல மீட்டர் ஆழத்தில் நிலத்தடி நீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஷாட்ஸ்கேல் என்ற இன்னொன்று தன் இலையின் மேல் இருக்கும் நுண்ணிய பைகளில் உப்பை ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தது. இலை வெள்ளி பூசியதுபோலத் தெரிவது அதனால்தான். மேய்ச்சல்காரர்கள் விண்டர்ஃபேட் என்று பெயர் வைத்த செடி பனிக்காலத்தில் ஆடுகளைக் கொழுக்க வைக்கிறது. நான் சில்லு சில்லாக உடைத்துப் பார்த்தேனே, அந்த மாதிரி மேலோட்டில் பல இடங்களில் பாசியும் லைக்கனும் நீலப்பச்சைப் பாக்டீரியாவும் மண்ணைத் தைத்து வைத்திருக்கும். ஒரு காலடி பட்டால் அது மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

3

இப்போது அந்த எண்.

அமெரிக்க வேளாண்துறை நிலத்தை எட்டு வகுப்புகளாகப் பிரிக்கிறது. 1961இல் அவர்கள் வெளியிட்ட கையேடு இந்த முறையை விளக்குகிறது. ஒன்றாம் வகுப்பு என்றால் எந்தக் குறையும் இல்லாமல் பயிர் செய்யலாம். நான்குவரை ஏர் ஓட்டலாம், கவனம் கூடிக்கொண்டே போக வேண்டும். அதற்கு மேல் மேய்ச்சலும் காடும். எட்டு என்றால் அதுவும் கிடையாது. குளிர்ந்த வறண்ட உப்பு மண்ணுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஏழு.

ஏழைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம், 'பாவம், கடைசி பெஞ்ச்.' ஆனால் அந்த எண்ணோடு ஓர் எழுத்து ஒட்டியிருந்தது. ஆங்கில எழுத்து 'எஸ்'. கையேட்டில் நான்கு எழுத்துகள் உண்டு. 'ஈ' என்றால் அரிப்பு. 'டபிள்யூ' என்றால் நீர் தேங்கும். 'எஸ்' என்றால் வேர் இறங்கும் பகுதியில் மண்ணுக்கே ஒரு தடை: ஆழமில்லை, கல், உப்பு. 'சி' என்றால் காலநிலை, குளிரோ வறட்சியோ. ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் எழுத்து கிடையாது. நன்றாக இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்ற எவருக்கும் குறை சொன்னால் காரணம் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றும் இருந்தது. அட்டவணையில் இந்த வகுப்புக்கு இரண்டு கட்டங்கள். ஒன்று, பாசனம் இருந்தால். இன்னொன்று, பாசனம் இல்லாவிட்டால். ஒரே மண் பாசனம் இல்லாமல் ஏழாகவும் பாசனத்தோடு மூன்று, நான்காகவும் இருக்கலாம். ஆக அந்த எண் மண்ணைப் பற்றியது மட்டுமல்ல. மண்ணுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதையும் பற்றியது. அதை மறைக்காமல் அட்டவணையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

கையேடு இன்னும் ஒன்றைச் சொல்கிறது. ஒரே வகுப்பில் இருப்பதால் இரண்டு மண்கள் ஒரே மாதிரியானவை அல்ல. தடையின் அளவு மட்டுமே ஒன்று. சரிவான பாறை நிலமும் சமதளமான உப்பு நிலமும் ஏழில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம். கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று: இங்கே ஏர் ஓட்டிப் பயிர் செய்ய எவ்வளவு தடை? ஏழு என்பது அந்தக் கேள்விக்கு மட்டுமான பதில்.

படித்து முடித்தபோது மணி நான்கு. எனக்குத் தூக்கம் வரவில்லை. மண் காரணம் இல்லை.

4

அதற்கு முந்தைய ஆண்டு ஊரில் எங்கள் அலுவலகத்துக்காக ஒரு மென்பொருள் எழுதியிருந்தேன். வருடாந்திர அப்ரைசலில் ஒவ்வொருவருக்கும் மேனேஜர் ஒன்றிலிருந்து ஐந்துவரை எண் போடும் திரை. ஒன்று உச்சம், ஐந்து கடைசி. முதல் வடிவமைப்பில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது: காரணம். புராஜெக்ட் பாதியில் நின்றது, நீண்ட விடுப்பு, புதிய தொழில்நுட்பத்துக்கு மாறியது, வேலையின் தரம் என்று சில தெரிவுகள்.

அந்தக் கட்டத்தை எடுக்கச் சொன்னது நான்தான். யாரும் வற்புறுத்தவில்லை. வெளியீட்டுக்கு இரண்டு வாரம் இருந்தது. சோதனையில் மேனேஜர்கள் அதை நிரப்பச் சலித்துக்கொண்டார்கள். கூட்டத்தில் நான் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது: "கட்டாயமாக்கினா எல்லாரும் முதல் ஆப்ஷனத்தான் அழுத்துவாங்க. டேட்டா குப்பையாயிடும். எடுத்துடலாம்." எல்லோரும் தலையாட்டினார்கள். பொறியாளனாக எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது. திரை சுத்தமாக இருந்தது.

அந்த ஆண்டு எண்கள் வந்த மாலை, என் அணியில் இருந்த ஒருவர் செய்தி அனுப்பினார். பிரசவ விடுப்பு ஆறு மாதம் முடித்துத் திரும்பியவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் பல விஷயங்களைச் சொல்லிக் கொடுத்தவர்.

"நாலுன்னு காட்டுது. எதுக்கு நாலுன்னு எங்க பார்க்கணும்? நீங்கதானே இத பண்ணீங்க."

எங்கேயும் பார்க்க முடியாது. நான் எழுதிய பதில்: "மேனேஜர்கிட்ட கேட்டுப் பாருங்க." மூன்று மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போனார். கட்டம் இருந்திருந்தால் போயிருக்க மாட்டார் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. ஆனால் கடைசி வாரத்தில் காண்டீனில் அவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "நான் ஒரு நாலுப்பா." எனக்கு நாலு போட்டார்கள் என்று சொல்லவில்லை. நான் ஒரு நாலு.

ஸ்கம்பா மண்ணுக்குக் கிடைத்த மரியாதை அவருக்குக் கிடைக்கவில்லை. மண்ணுக்கு எழுத்து இருந்தது. எந்த நீரோடு, எந்த நீர் இல்லாமல் என்று இரண்டு கட்டம் இருந்தது. ஆறு மாதம் பாசனம் இல்லாதவருக்கும் பன்னிரண்டு மாதம் பாசனம் உள்ளவருக்கும் நான் ஒரே கட்டம்தான் வைத்திருந்தேன்.

5

வகைப்படுத்துவதே பாவம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது சுலபம், பொய்யும்கூட. வகைப்படுத்தாமல் விதைக்க முடியாது, மருந்து கொடுக்க முடியாது. பிழை தொடங்குவது கேள்வி உதிர்ந்து பதில் மட்டும் மிஞ்சும்போது. 'பயிருக்கு ஏற்றதல்ல' என்பது 'எதற்கும் ஏற்றதல்ல' ஆகிறது. பிறகு அந்த இடத்தில் எதையும் செய்யலாம் என்றாகிறது.

ஸ்கல் வேலியின் கதை இதுதான். அந்தப் பள்ளத்தாக்கில் கோஷூட் மக்கள் காலங்காலமாக வாழ்கிறார்கள். மார்க் ட்வெயின் 1872இல் வெளியான தன் பயண நூலில் அவர்களைத் தான் கண்டதிலேயே இழிந்த மனிதர்கள் என்ற தொனியில் எழுதினார். நிலத்துக்குப் போட்ட எண்ணை மனிதர்களுக்கும் போட்டார். 1911இல் ரால்ஃப் சாம்பர்லின் என்பவர் அதே மக்களிடமிருந்து தாவரப் பெயர்களையும் பயன்களையும் தொகுத்தார். நூற்றுக்கணக்கான செடிகள்; எதன் விதை எப்போது, எதன் வேர் எதற்கு. 'ஒண்ணும் இல்ல' என்று நான் சொன்ன தரைக்கு அவர்களிடம் ஒரு முழு அகராதி இருந்திருக்கிறது.

1942இல் பள்ளத்தாக்கை ஒட்டிய பாலைநிலத்தில் ராணுவம் டக்வே என்ற ரசாயன, உயிரியல் ஆயுதச் சோதனைத் தளத்தை அமைத்தது. 1968 மார்ச்சில் நரம்பு நச்சுச் சோதனை ஒன்று நடந்த சில நாட்களில் ஸ்கல் வேலியில் சுமார் 6,000 ஆடுகள் செத்தன. ராணுவம் நஷ்டஈடு கொடுத்தது; பொறுப்பை முறையாக ஏற்கவில்லை. பிறகு அணுமின் நிலையங்களின் கழிவை வைக்க இடம் தேடியபோது அதே பள்ளத்தாக்கில் உள்ள கோஷூட் ஒதுக்கீட்டு நிலம் பேசப்பட்டது. பழங்குடித் தலைமையே சம்மதித்தது, அதே பழங்குடியில் பலர் எதிர்த்தார்கள். 2006இல் உரிமம்கூடக் கிடைத்தது. கடைசியில் கட்டப்படவில்லை. வேறு வழியே விடாமல் ஒதுக்கப்பட்டவர்கள் அந்தக் கழிவை வருமானமாகப் பார்த்ததைக் கரையில் நின்று குறை சொல்ல எனக்கு நா எழவில்லை.

நம் பக்கமும் சுத்தமில்லை. வள்ளுவர் கல்லாமை அதிகாரத்தில் கல்லாதவரைக் களர் நிலத்தோடு ஒப்பிடுகிறார்: இருக்கிறார்கள் என்று சொல்லலாம், விளைச்சல் கிடையாது. பள்ளியில் அதை மனப்பாடம் செய்து பத்து மதிப்பெண் வாங்கினேன். இப்போது அந்த உவமையைப் பார்த்தால் எழுத்து இல்லாத எண் மாதிரி இருக்கிறது. யாருக்குக் கல்வி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை? பாசனக் கட்டம் எங்கே? வள்ளுவர் மீது வழக்குப் போடவில்லை. அவர் படிக்கத் தூண்டினார், சரி. ஆனால் இரண்டாயிரம் வருடமாக அந்த உவமையைச் சொல்லிச் சிரித்தவர்கள் படித்தவர்கள்தான், களர் என்று சொல்லப்பட்டவர்கள் இல்லை.

நிலத்தின் குறை சில சமயம் நம் கைவேலையும்கூட. இந்தப் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆடுமாடுகளை அளவில்லாமல் மேயவிட்டார்கள். நல்ல செடிகள் தேய்ந்த இடத்தில், 1930களில் நெவாடாவில் கண்டறியப்பட்ட ஹாலோஜெட்டன் என்ற களை பரவியது. ஆசியாவிலிருந்து வந்தது. ஆக்சலேட் நிறைந்தது, பசியோடு வரும் ஆடு நிறையத் தின்றால் சாகும். அது கீழிருந்து உப்பை உறிஞ்சி இலையில் சேர்த்து, உதிரும்போது மேல்மண்ணில் போட்டு, மண்ணை இன்னும் உப்பாக்குகிறது. செடிகள் அடர்ந்த இடத்தில் அதற்குக் காலூன்றுவது கஷ்டம். அறுபது வருடம் கழித்து வந்து பார்ப்பவர் 'மோசமான மண்' என்று எழுதிவிட்டுப் போவார். அதில் எவ்வளவு மண், எவ்வளவு நாம் என்று பிரிக்க எழுத்து இல்லை.

6

இங்கே நிறுத்தினால் கட்டுரை அழகாக முடியும். 'களரும் அழகே, எல்லா மண்ணும் நல்ல மண்ணே.' எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

களர் நிலத்தை வைத்துக்கொண்டு பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியவரிடம் கவிதை சொல்ல முடியாது. அவருக்கு வேண்டியது ஜிப்சம். ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும். பிறகு நல்ல நீர் விட்டு வடித்தால் மண் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். குறை என்று சொன்னதால்தான் மருந்து வந்தது. 'உன்னிடம் குறையே இல்லை' என்று சொல்வதும் கைவிடுவதுதான், கொஞ்சம் இனிப்பாக. அந்த மாலை நானும் அவரிடம் "எண்ணெல்லாம் ஒரு விஷயமா, விடுங்க" என்று எழுத நினைத்து அழித்தேன். அனுப்பாதது நல்லதாயிற்று.

ஆனால் குறையைப் பார்த்ததும் உதவிக்குப் பாய்வதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. உப்பும் சோடியமும் சேர்ந்த மண்ணில், உப்புதானே பிரச்சினை என்று நினைத்து நல்ல நீரை மட்டும் விட்டுக் கழுவினால், கரையும் உப்பு போய்விடும். சோடியம் தங்கிவிடும். அதுவரை களிமண் பிரியாமல் பிடித்துவைத்திருந்தது அந்த உப்புதான். அது போனதும் மண் சரிந்து இறுகி முன்பைவிட மோசமாகும். நல்ல நீர், நல்ல எண்ணம், கெட்ட விளைவு. உவரா களரா என்று கேட்காமல் செய்த உதவி. நம் மொழி இரண்டு சொல் வைத்திருப்பது இதற்காகத்தான் இருக்க வேண்டும்.

யூட்டாவின் மேற்கில் இதே மாதிரி நிலத்தில் 1933 முதல் ஒரு மேய்ச்சல் ஆய்வுத் தளம் இருக்கிறது. பல பத்தாண்டுகள் வேலிபோட்டு, ஒரு பகுதியில் ஆடுகளை விட்டு, ஒரு பகுதியில் விடாமல், பருவம் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். எத்தனை ஆடு மேய்கிறது என்பதைப் போலவே எப்போது மேய்கிறது என்பதும் முக்கியம் என்று தெரிந்தது. குளிர்காலத்தின் தொடக்கத்தில் அளவாக மேய்ந்தால் செடிகள் தாங்குகின்றன. துளிர் விடும் பருவத்தை நெருங்கி மேய்ந்தால் நல்ல செடிகள் குறைகின்றன. ஏழாம் வகுப்பு மண்ணைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள யாரோ தலைமுறை கணக்கில் பொறுமையாக இருந்திருக்கிறார்கள். மதிப்பது என்பது இதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது: புகழ்வதல்ல, குறையை மறைப்பதுமல்ல, குறை எந்த வகை, எந்தப் பருவத்தில், எது கிடைக்காததால் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பது.

அப்படிக் கேட்ட பிறகும் ஒன்று மிச்சம் இருக்கும். விண்டர்ஃபேட் ஆட்டுக்கு உதவுகிறது, கிரீஸ்வுட் மண்ணைப் பிடிக்கிறது என்று அடுக்கி நான் அந்த நிலத்துக்கு வக்கீல் வேலைதான் பார்த்தேன். பள்ளத்தாக்குகளின் நடுவில் ஒரு புல்கூட இல்லாத வெள்ளை உப்புத் தரைகள் உண்டு. அவற்றுக்கு என்ன வாதம் வைப்பேன்? ஒன்றும் இல்லை. யாருக்கும் உதவாததால் அதன்மேல் நச்சைத் தூவலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். ஏன் என்று கேட்டால் என்னிடம் பயன் சார்ந்த பதில் கிடையாது. இந்த இடத்தில் என் பொறியியல் நின்றுவிடுகிறது.

7

ஊருக்குத் திரும்பியதும் அந்தக் காரணக் கட்டத்தைத் திரும்பச் சேர்க்கக் கேட்டேன். இரண்டு கூட்டங்களில் சண்டை போட வேண்டியிருந்தது. பக்கத்தில் இன்னொரு கட்டமும் கேட்டேன்: இந்த ஆண்டு இவர் எத்தனை மாதம் வேலையில் இருந்தார், எத்தனை முறை புராஜெக்ட் மாற்றப்பட்டார். சேர்த்தார்கள்.

முதல் ஆண்டுத் தரவை எடுத்துப் பார்த்தேன். நான் அன்று சொன்னது சரிதான். பாதிக்கு மேல் முதல் ஆப்ஷனையே அழுத்தியிருந்தார்கள். மீதிப் பேர் எழுதியிருந்தார்கள், சிலர் நான்கு வரிகூட.

எனக்குக் கற்றுக்கொடுத்த அவருக்கு இதைச் சொல்லி ஒரு செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"சரி. அப்ப எனக்கு எதுக்கு நாலு?"

இன்னும் தெரியவில்லை. அந்த ஆண்டின் பதிவில் கட்டமே கிடையாது.